களி உருண்டைக்கு வந்த கட்டி

மண்டியாவில் வெல்லச் சந்தை கூடும் நாளில்கூட அப்படி ஒரு கூட்டம் வராது. செவ்வாயும் வெள்ளியும் பொழுது விடிவதற்குள் மத்தூரிலிருந்து ஒரு வேன், பாண்டவபுரத்திலிருந்து இரண்டு வேன். இறங்குவதெல்லாம் பெண்கள். நேரே எங்கள் ஸ்கேன் சென்டருக்கு எதிரே உள்ள மாடிக்கு ஏறுவார்கள். அங்கேதான் தீபாஞ்சலி மாதாஜி வீற்றிருந்தார். வலி நீக்கும் தைலம் அருளும் மகாசக்தி!

மார்பைப் படம் எடுக்கும் மெஷினைப் பற்றி எங்கள் ஊரில் பயம் அதிகம். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்தினால்தான் படம் விழும். அழுத்தினால்தான் சதை பரவும், உள்ளே பதுங்கியிருப்பது தெரியும், கதிரும் குறைவாகப் போதும். ஆனால் வலிக்கும். "மெஷின் கடிக்கும்" என்றே பேர். மாதாஜி தைலத்தைத் தடவி அனுப்பினால் கடிக்காதாம்.

அதோடு விட்டாரா? "தைலம் உள்ளே இருக்கிற தோஷத்தை வெளியே இழுக்கும். படத்தில் வெள்ளைப் புள்ளி வரும், பயப்படாதே. ரிப்போர்ட் கவரைப் பிரிக்காமல் கொண்டுவா, பிரித்தால் பலிக்காது. ஏழு நாள் விரதம் இரு. பிறகு தைலம் இல்லாமல் படம் எடு. புள்ளி போயிருக்கும்" என்பார்.

போனதா என்றால், போனது! நாற்பத்தொரு பெண்களுக்குப் போனது. பொய் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. ஏனென்றால் முன்னே ஒரு படம், பின்னே ஒரு படம் எடுத்துச் சாட்சி சொன்னவள் பட்டம் வாங்கியவள், அந்த மெஷினோடு பதினாறு வருஷம் குப்பை கொட்டியவள், வெள்ளைக் கோட்டு போட்டவள். வேறு யார், நான்தான். பாக்யா. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மாதாஜி மகிமை!" என்று போவோர் வருவோரிடம் பீற்றிக்கொண்டவளும் நான்தான்.

எங்கள் அறைச் சுவரில் ஒரு அறிவிப்பு உண்டு. 'பவுடர், எண்ணெய், களிம்பு எதுவும் தடவிக்கொண்டு படம் எடுக்கக் கூடாது.' அதன்மேல் மாதாஜியின் காலண்டரை மாட்டி மறைத்திருந்தேன். பதினாறு வருஷ அனுபவத்தை மறைக்க ஒரு ஆணி போதுமானதாக இருந்தது.

நான் நம்பியதற்கு ஒரு சுயநலக் காரணமும் உண்டு. தைலம் தடவி வந்தவர்கள் கத்தவில்லை. அதற்கு முன்பு என் அறையில் நடந்ததை மார்க்கெட்வரை கேட்கலாம். "மேல வை. கையத் தூக்கு. மூச்சப் பிடி. ஆடாத!" இதுதான் என் மொத்தப் பேச்சு. யாராவது அலறினால், "புள்ள பெத்தவதான நீ?" என்று ஒரு குத்து வேறு. சில்லென்ற தட்டு, அதைவிடச் சில்லென்ற நான்.

என் அண்ணி புட்டலட்சுமியையும் அந்த மாடிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் "பொண்ணுக்கு எதுக்குப் படிப்பு" என்று முறுக்கிக்கொண்டபோது, மூன்று நாள் அடுப்பு பற்றவைக்காமல் அடம் பிடித்து என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவள் அவள். முதல் படத்தில் அண்ணிக்கு இரண்டு பக்கமும் புள்ளிகள். ஏழு நாள் விரதத்துக்குப் பிறகு எடுத்ததில் எல்லாம் போயிற்று. இடப்பக்கம் மட்டும், ஒரு சிட்டிகை ரவையைச் சிந்தியதுபோல் ஒரு கொத்து அப்படியே இருந்தது.

"விரதத்துல முட்டை வாசம் பட்டிருக்கு" என்றார் மாதாஜி.

மறுபடி விரதம், இந்த முறை இருபத்தொரு நாள். அதே கொத்து. மூன்றாவதாக நாற்பத்தெட்டு நாள் விரதம் ஓடிக்கொண்டிருந்தது. புள்ளி போகும்வரை பிரிக்கக் கூடாது என்று மாதாஜி சொன்னதால், படத்தைப் பார்த்து டாக்டர் எழுதி ஒட்டிய கடைசி இரண்டு ரிப்போர்ட் கவர்களும் பிரிக்கப்படாமல் அண்ணியின் பூஜை அலமாரியில் குங்குமம் வாங்கிக்கொண்டிருந்தன. நானும் பிரிக்கச் சொல்லவில்லை. பலிக்காமல் போய்விட்டால்?

அப்போதுதான் கெம்பம்மா வந்தாள். அரசுப் பள்ளியில் சத்துணவு சமைப்பவள். முந்நூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடும் கை.

"எதிர் மாடிக்குப் போய்த் தைலம் தடவிக்கிட்டு வாங்கக்கா" என்றேன்.

"எதுக்கு?"

"வலிக்காது."

"நான் என்ன தோசைக்கல்லா, எண்ணெய் தடவுறதுக்கு? நீ எடு தாயி."

எடுத்தேன், என் வழக்கப்படி. கெம்பம்மா கத்தவில்லை. முடிந்ததும் ரவிக்கையைப் போட்டுக்கொண்டே என்னை முறைத்தாள்.

"அமுக்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"சொன்னா மட்டும் வலிக்காதாக்கா?"

"பாதி வலி பயத்துல வர்றது. மெதுவா அமுக்கு. பத்து எண்ணுறதுக்குள்ள விட்டுடுவேன்னு சொல்லு. தாங்கலன்னா நிறுத்துறேன்னு சொல்லு. அந்த மாடிக்காரி அதத்தான் சொல்லி அனுப்புறாளாம், வேன்ல வந்த பொம்பளைங்க சொன்னாங்க. உன் வேலைய அவ செய்யறா, பேரு தைலத்துக்கு."

எனக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்ற, திரையில் அவள் படத்தைக் காட்டினேன். "பாருங்க, உங்களுக்கு ஒரு புள்ளிகூட இல்ல. சுத்தமா இருக்கு."

"மத்தவங்களுக்கு?"

"தைலம் தடவினவங்க எல்லாருக்கும் வரும். தோஷத்தை இழுக்குதுல்ல."

கெம்பம்மா என்னையே பார்த்தாள். உலையில் அரிசி வெந்ததா என்று பார்க்கிற பார்வை.

"தடவினா புள்ளி இருக்கு. தடவலன்னா இல்ல. ஏன் தாயி, புள்ளி தைலத்துலயே இருந்தா?"

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. பட்டம் வாங்கிய மண்டையில் அதற்கு இடம் இல்லை.

"இப்பவே பார்த்துடலாம்" என்று கெம்பம்மா தூக்குச்சட்டியைத் திறந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த ராகிக் களி உருண்டை, தலை அளவுக்கு. அதில் பாதியைப் பிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி மெஷின் தட்டில் வைத்தாள். அழுத்தினேன். என் சர்வீசில் அப்படி முணுமுணுக்காமல் ஒத்துழைத்த ஆளே கிடையாது.

முதல் படம் சுத்தம். பிறகு, எவளோ மறந்து விட்டுப்போன தைலக் குப்பியை எடுத்துத் தாளின்மேல் தடவினோம். படம் எடுத்தால், வானத்து நட்சத்திரமெல்லாம் களியில்! தாளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து மறுபடி எடுத்தேன். ஒரு புள்ளி இல்லை. குப்பியின் அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்ததை முகர்ந்து பார்த்தேன். குழந்தைகளின் தொடை இடுக்குப் புண்ணுக்குத் தடவுகிற துத்தநாகக் களிம்பு. அதை மெஷின் வெள்ளையாகக் காட்டும் என்று முதல் வருஷப் பாடத்திலேயே இருக்கிறது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

"வா, மாடிக்குப் போகலாம்" என்றாள் கெம்பம்மா. களியின் இரண்டாவது படத்தைக் கவரில் போட்டு, மேலே என் கையாலேயே 'சிக்கதாயம்மா, வயது 50' என்று எழுத வைத்தாள்.

மாடியில் அறுபது பெண்கள் இருந்தார்கள். மாதாஜி கவரைக் கண்ணில் ஒற்றி, பிரித்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"யாரும்மா இது?"

"எங்க வீட்டு ஆளுதான்" என்றாள் கெம்பம்மா. "நடக்க முடியாது. அதான் நான் தூக்கிக்கிட்டு வந்தேன்."

"கடுமையான கட்டு! மாமியார் விட்ட சாபம்."

"மாமியாரே கிடையாதே?"

"அப்ப நாத்தனார்." கூட்டம் 'ஐயோ' என்று உச்சுக்கொட்டியது. "ஏழு நாள் போதாது, இருபத்தொரு நாள் விரதம். உப்பு ஆகவே ஆகாது."

"உப்புப் போடாமத்தான் கிண்டினேன் தாயி."

கெம்பம்மா தூக்குச்சட்டியைத் திறந்து எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள். "இதான் சிக்கதாயம்மா. மீதிப் பாதிய இனிமேத்தான் திங்கணும். நாத்தனாரு எந்தப் பக்கம் இருக்கான்னு காட்டுங்க, அத ஒதுக்கி வச்சிடறேன்."

மாதாஜி லேசுப்பட்டவரா? "பார்த்தீங்களா தைலத்தோட சக்தியை! களியில இருக்கிற தோஷத்தைக்கூட காட்டிடுச்சு!" என்றாரே பார்க்கலாம். பாதிக் கூட்டம் "ஆகா!" என்று கும்பிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றுவரை அந்தப் பாதியில் முதல் வரிசை நான்.

"அந்த மெஷின் அம்மாவே சாட்சி! கேளுங்க!" என்று மாதாஜி என்னை நோக்கிக் கையைக் காட்டினார்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"புள்ளி தைலத்துலதான் இருக்கு" என்றேன். "துடைச்சுட்டு எடுக்கணும்னு எனக்குத் தெரியும். நான் துடைக்கச் சொல்லல. உங்க யாருக்கும் அவங்க எதையும் குணமாக்கல. ஏழு நாள்ல நீங்க குளிச்சீங்க, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு அங்கே என்ன கூச்சல், யார் குப்பியை உடைத்தது, மாதாஜி எந்தப் படி வழியாக இறங்கினார் என்பதெல்லாம் கேள்விப்பட்டதுதான். யாரோ, அவர் முன்பு வேறு ஊரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஆயாவாக இருந்தவர் என்றார்கள். நான் அங்கே நிற்கவில்லை. தைலம் தடவாமல் எடுத்த படத்திலும் அண்ணிக்கு அந்தக் கொத்து இருந்தது. கழுவினால் போகாத புள்ளி அது. ஆட்டோ பிடித்து அண்ணி வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணி விரதத்துக்காக ஈரப் புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். நான் பூஜை அலமாரிக்குள் கையை விட்டுக் கவர்களைக் கிழித்தேன். இரண்டிலும் ஒரே வரி இருந்தது. இடது மார்பில் சந்தேகத்துக்குரிய கொத்து, உடனே ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்கவும். முதல் கவரின் தேதிக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது.

புற்றுதான். மைசூரில் ஆபரேஷன் ஆயிற்று. பிழைத்துக்கொள்வாள் என்கிறார் டாக்டர். "ஏழு வாரம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு எடுக்க வேண்டியிருந்திருக்காது" என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "உங்கள அந்தப் பித்தலாட்டக்காரிகிட்ட கூட்டிட்டுப் போனேனே அண்ணி. அவள நம்ப வச்சேனே."

அண்ணி கட்டுப் போட்ட பக்கத்தை அசைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"அவள நான் எங்கடி நம்பினேன்? மொத நாளே திருட்டு முழின்னு தெரிஞ்சுபோச்சு. நீ படிச்சவ, நீ சொல்றியேன்னுதான் இருந்தேன்."

இதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஆகவே தாய்மார்களே, படத்துக்கு வாருங்கள். சொல்லிவிட்டு அழுத்துகிறேன், மெதுவாக அழுத்துகிறேன், போதும் என்றால் நிறுத்துகிறேன். ஆனால் வெள்ளைக் கோட்டைப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்ளாதீர்கள். நான் சொல்வதையும் 'ஏன்?' என்று கேளுங்கள். எனக்குக் கோபம் வரும். வரட்டும், என் கோபத்தால் யாரும் செத்ததில்லை. நீங்கள் கேட்காமல் இருந்ததால்தான் என் அண்ணி போல் எத்தனை பேர் கவரைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்களோ, தெரியவில்லை.