முன்கூட்டியே வந்த குளம்

மழை பெய்தால் இப்போதைய அரசரைப் புகழவும், பொய்த்தால் முந்தைய அரசரை ஏசவும் பழகிய நாடு ஒன்று இருந்தது. பொன்விளைநாடு என்று பெயர். பொன் எங்கும் விளையவில்லை. தலைநகரின் கீழத்தெருக் குளத்தில் குப்பை மட்டும் முப்போகம் விளைந்தது.

அயல்நாட்டு வேந்தர் ஒருவர் விருந்துக்கு வருவதாகச் செய்தி வந்ததும், எதிர்காலத்துறை அமைச்சர் விசயகீர்த்தி அந்தக் குப்பைக்கு முன்னால் நீளமான திரை கட்டினார். திரையில் ஓவியம்: தெளிந்த நீர், கரையெங்கும் நாவல் மரங்கள், நீந்தும் பிள்ளைகள். கீழே, ‘முப்பது ஆண்டுகளில் இக்குளம்’ என்று எழுதியிருந்தது. விருந்தாளி தேரில் கடந்தார், மெச்சினார், ஊர் திரும்பினார். திரையை அவிழ்க்க எல்லோரும் மறந்துபோனார்கள்.

அதற்கு எதிரேதான் நாற்பதைத் தாண்டிய ஆப்பக்காரி செவந்தி தண்ணீர் வண்டிக்காகக் குடத்தோடு நிற்பாள். குளத்துக் கொசுவால் அவள் மகளுக்கு வந்த காய்ச்சல் விட்டபாடில்லை. அந்தப் படத்தையே தினமும் பார்த்துப் பார்த்து ஒருநாள் அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

“படத்துல நல்லாத்தானே இருக்கு. அதுக்கு எதுக்கு முப்பது வருசம்? பின்னால கெடக்கறத அள்ளிப்போட்டா ஆச்சு,” என்றாள், பக்கத்தில் நின்ற கொல்லர் மாசிலாமணியிடம்.

“அள்ளுனா இந்த மாதிரி ஆயிடுமாக்கும்?”

“ஆகாட்டியும் கொசு குறையுமில்ல.”

மறுநாள் இருவரும் கூடையோடு இறங்கினார்கள். தெரு வேடிக்கை பார்த்தது. வேடிக்கை அலுத்ததும் தெருவும் இறங்கியது. யாரோ நாவல் கன்றுகளைக் கொண்டுவந்து, படத்தில் இருந்த அதே இடங்களில் நட்டார்கள்.

அரண்மனை பதறியது. அரசாங்கக் குப்பையை அனுமதியின்றி அகற்றியது குற்றம் என்று முரசறைந்து, தண்ணீர் வண்டியை நிறுத்தினார்கள். தவித்த சனங்கள் குளத்தை இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். அடுத்த ஆணை மண்வெட்டிகளைப் பறித்தது. மாசிலாமணி பழைய இரும்புச் சட்டிகளைத் தட்டையாக அடித்துக் கொடுத்தார்.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பியது. செவந்தியின் மகள் எழுந்து நடமாடினாள். குளத்தை இறைத்து வற்றவைக்கும்படி படைவீரர்களை அனுப்பினார் அமைச்சர். அவர்கள் ஆளுக்கு இரண்டு குடம் மொண்டுகொண்டு நேரே தங்கள் வீட்டுக்குப் போனார்கள்.

“குளம் இப்போதே வந்துவிட்டதே. நமது தொலைநோக்குத் திட்டம் என்னாவது?” என்று அரசர் கேட்டார்.

“கவலை வேண்டாம், வேந்தே. முப்பது ஆண்டுகளில் குளம் வரும் என்றோம். குளம் வந்துவிட்டது. ஆகவே, முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன,” என்றார் அமைச்சர்.

அன்றே நாட்காட்டி திருத்தப்பட்டது. குளக்கரையில் மேடை போட்டு விழா எடுத்தார்கள். செவந்தி எழுபது வயதைத் தாண்டிவிட்டபடியால் இனி ஆப்பக்கடை நடத்தத் தகுதியற்றவள் என்று அமைச்சர் முதல் ஆணையை வாசித்தார்.

செவந்தி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“சரிங்க ஐயா. முப்பது வருசம் போயிடுச்சுன்னே வச்சுக்குவோம். நம்ம நாட்டுல அஞ்சு வருசத்துக்கு ஒருதரம் ஓலை போட்டுத்தானே ராசாவைத் தேர்ந்தெடுக்கறோம்?”

“ஆம். அது நம் நாட்டின் பெருமை.”

“அப்ப, மேடையில உக்காந்திருக்கறவரு யாருங்க?”

அமைச்சர் கையிலிருந்த ஓலையைப் புரட்டிப் பார்த்தார். படைவீரர்கள் மெல்ல மேடைப் பக்கம் திரும்பினார்கள்.