நாகு பார்க்கப் போனவர்

ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து முடித்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று வேதம் சொல்கிறது. அந்த ஏழாம் நாள் ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, மலையை ஒரு தரம் சுற்றிப் பார்த்து, கடலை ஒரு தரம் எட்டிப் பார்த்து, "எல்லாம் சரி, என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்று சொல்லியிருப்பார். வேதத்தில் அது இல்லை. ஆனால் அவருடைய வம்சம் மெல்பேர்னில் நன்றாகப் பெருகியிருக்கிறது.

இவரைப் 'பார்த்துத் தருபவர்' என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கார் வாங்கப் போனால் கூட வருவார். சில்லை உதைத்துப் பார்ப்பார். கிளென் வேவர்லியில் வீடு பார்க்கப் போனால் கூட வருவார். சுவரைத் தட்டி, குசினிக் குழாயைத் திறந்து மூடி, "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் போடுவார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தே உங்களுக்கு இரண்டு கிழமை நித்திரை வராது. கூலி கேட்கமாட்டார். வாங்கிய பொருள் நல்லதாக அமைந்தால், "நான் பாத்துக் குடுத்தது." பிழைத்துப்போனால், "நான் அப்பவே சொன்னனான்." இந்தத் தொழிலில் நட்டம் என்று ஒன்று உண்டா?

நோபல் பார்க் ஆனந்தராஜா இந்த இனத்தில் முதல் வரிசை. மாட்டிறைச்சி பக்கமே போகாத மனிதர். ஒரு மாட்டுக்குக்கூடத் தண்ணீர் வைத்தவர் இல்லை. ஆனால் மாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாததை மாட்டுக்கும் தெரியாது.

அவரிடம் அகப்பட்டவர் பொனிபஸ். டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் போர்க்லிப்ட் ஓட்டிவிட்டு, வோரகல் தாண்டி ஒரு துண்டுப் புல்லுக்காணி வாங்கியவர். மாடு வளர்த்துக் கன்றுகளை இறைச்சிக்கு விற்கலாம் என்று அவருக்கு எண்ணம். முதலில் வாங்கிய நாகுக்கு, அதாவது இன்னும் கன்று போடாத இளம் பசுவுக்கு, இடுப்பெலும்பு ஒடுக்கமாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. போன வருடம் தலைக்கன்று போடும்போது கன்று பாதியில் சிக்கிவிட்டது. மாட்டு டொக்டர் வந்தும் தாயும் தப்பவில்லை, கன்றும் தப்பவில்லை. பொனிபஸின் மனைவி றோசலின் செபமாலையோடு அதன் தலைமாட்டில் காலை முழுக்க இருந்தார்.

"இன்னொண்டு இப்பிடிச் செத்துதெண்டால் நான் இந்தக் காணிக்குள்ள கால் வைக்கமாட்டன். வித்துப்போட்டுப் பேசாமல் இருப்பம்" என்றார் அன்றைக்கு. றோசலின் சொன்னால் சொன்னதுதான்.

போகும்போது டொக்டர், அடுத்த நாகு வாங்கும்போது என்னென்ன பார்க்கவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மகள் ஜெனோஜா அதன் கீழே தமிழில் எழுதிவைத்தாள். றோசலின் அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

இத்தனைக்குப் பிறகு பொனிபஸ் செய்த ஒரே பிழை, கடையில் மரக்கறி வாங்கும்போது வாயைத் திறந்ததுதான்.

"நாகு வாங்கப் போறியோ? ஆரைக் கேட்டு?" என்றார் ஆனந்தராஜா. "உடன வாங்காதை. நான் வந்து பாத்துத் தாறன். எந்தச் சனிக்கிழமை?"

பொனிபஸுக்கு 'வேண்டாம்' என்ற சொல் வாயில் வராது. தன் தாயின் செத்தவீட்டில் முதல் ஆளாக வந்து நின்ற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

அந்தச் சனிக்கிழமை மூவரும் போனபோது பண்ணைக்காரி மார்கரெட் பட்டிக்குள் இரண்டு நாகுகளை விட்டிருந்தார். ஒன்று கறுப்பு, எண்ணெய் பூசியதுபோல மினுமினுப்பு. மற்றது சிவப்பு, வயிறெல்லாம் காய்ந்த சேறு. றோசலின் தாளை எடுத்து விரிக்க, "கொண்டாங்கோ தங்கச்சி" என்று ஆனந்தராஜா வாங்கினார். வாங்கியவர் வாசிக்கவில்லை. அதை விசிறி, முகத்தில் மொய்த்த இலையானை விரட்டத் தொடங்கினார்.

முதலில் அவர் கொம்பைத் தேடினார். இரண்டுக்கும் பிறவியிலேயே கொம்பு இல்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. "கொம்பில்லாத மாட்டில எதைப் பாக்கிறது?" பிறகு பல்லுப் பார்க்கப் போனார். கறுப்பு தலையைத் திருப்பியதும் ஆறடி பின்னால் வந்து நின்று, "பல்லு நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு சுழி. கறுப்பின் நெற்றியில் ஒற்றைச் சுழி. சிவப்புக்கு இரண்டு.

"இரட்டைச் சுழி வீட்டுக்கு ஆகாது. சிவப்பை விடு" என்று சொன்னவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இந்த இனத்தாரிடம் ஒன்றைக் கவனியுங்கள். பொருளுக்கு முன்னால் நிற்கும்போது இவர்கள் பொருளைப் பார்ப்பதில்லை. வாங்க வந்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"இந்தக் கறுப்பு ஓர் இரட்டை. கூடப் பிறந்தவன் அந்தப் பக்கத்து வேலிக்குள் நிற்கிறான். ஆனபடியால்..." என்று மார்கரெட் ஆங்கிலத்தில் தொடங்கினார். ஆனந்தராஜா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கேட்டியே பொனிபஸ்? இரட்டைக்குப் பிறந்தது. இதுவும் ரெண்டு ரெண்டாய்த்தான் போடும். அஞ்சு வருசத்தில உன்ர காணியில நிக்க இடமிராது."

மார்கரெட் மறுபடி வாய் திறந்தார். கை மறுபடி உயர்ந்தது. மூன்றாம் தரமும் அப்படியே. "வெள்ளைக்காரர் இப்பிடித்தான், கதைச்சுக் கதைச்சு விலையை ஏத்துவினம்" என்று பொனிபஸின் காதுக்குள் சொல்லிவிட்டு, "கையைக் குடு, முடி" என்றார்.

பொனிபஸின் வலது கை பாதி நீண்டுவிட்டது. மனதுக்குள் ஏதோ இடித்தது. ஆனாலும் கை போய்க்கொண்டுதான் இருந்தது. மரியாதை என்பது சில வேளை பிரேக் இல்லாத வண்டி.

றோசலினுக்கு இரட்டை என்ற சொல்லை அந்தத் தாளில் எங்கோ கண்ட ஞாபகம்.

"அண்ணை, அந்தப் பேப்பரை ஒருக்காத் தாங்கோ."

"இலையான் மொய்க்குது தங்கச்சி."

"மொய்க்கட்டும்."

வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கினார். இடுப்பெலும்பு அகலம். தாய் சுகமாகக் கன்று போட்டதா. நடை நேரா. நாலு காம்பும் ஒழுங்கா. குணம் சாந்தமா. கடைசி வரியில் விரல் நின்றது. ஆண் கன்றோடு இரட்டையாகப் பிறந்த நாகு வேண்டாம். பெரும்பாலும் அது மலடு.

"இஞ்சருங்கோ, கையை எடுங்கோ" என்றார் புருசனிடம். பிறகு மார்கரெட்டிடம் தனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லில் கேட்டார்: "இவள் கன்று போடுவாளா?"

"மாட்டாள்" என்றார் மார்கரெட். "இவளை இறைச்சிக்குத்தான் வளர்க்கிறேன். தனியே விட்டால் கத்துவாள் என்று சிவப்போடு விட்டேன். மூன்று தரம் சொல்ல வந்தேன், ஐயா கையைக் காட்டினார். உங்களுக்கு என்று வைத்திருப்பது சிவப்பு. அவளுடைய தாய் ஆறு கன்று போட்டாள். ஒரு தரம்கூட என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை."

சிவப்பை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். கால்கள் நேராக விழுந்தன. பின்பக்கம் கதவு மாதிரி அகலம். றோசலின் முதுகில் கை வைத்தபோது அது பேசாமல் புல்லைத் தின்றது.

"அண்ணை, சிவப்பு" என்றார் பொனிபஸ். வாழ்நாளில் அவர் ஆனந்தராஜாவுக்கு எதிராகச் சொன்ன முதல் வசனம் அது. இரண்டு சொல்லுக்கே வியர்த்துவிட்டது.

ஆனந்தராஜா தோற்றார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் தோற்காது. அவர்களோடு காரில் திரும்பினார். பாக்கன்ஹாம் தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"உங்களை ஒருக்காச் சோதிச்சுப் பாத்தனான். பரவாயில்லை, பிழைச்சுக்கொள்ளுவியள்."

பின்சீற்றில் றோசலின் செபப் புத்தகத்தைத் திறந்து, பொறுமைக்கான செபத்தைத் தேடினார்.

இந்த வசந்தத்தில் ஒரு காலை, புருசனும் பெண்சாதியும் காணிக்குப் போனபோது, சினையாக நின்ற சிவப்பின் வயிறு இறங்கியிருந்தது. யாரையும் கூப்பிடவில்லை. ஈரம் காயாத ஒரு கன்று, கால்கள் தடுமாற, காம்பைத் தேடி முட்டிக்கொண்டு நின்றது. றோசலின் புல்லில் முழங்காலிட்டார்.

அடுத்த மாதம் சிநேகிதர் அனோஜின் பிள்ளை முதல் தரம் நற்கருணை வாங்கிய முதல் நன்மைக் கொண்டாட்டம். மண்டபத்தின் நடுவில் ஆனந்தராஜா கதிரையில் சாய்ந்திருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "பொனிபஸின்ர மாடோ? நான் பாத்துக் குடுத்த நாகு."

பொனிபஸ் சிரித்தார். போகட்டும், பாவம் என்று விட்டார். அப்போதுதான் அவருக்குப் பக்கத்தில் இருந்த வாசுதேவன் சொன்னார், "அண்ணை, நானும் ரெண்டு நாகு வாங்குவம் எண்டு நினைக்கிறன்."

"உடன வாங்காதையும்" என்றது ஒரு குரல். "நான் வந்து பாத்துத் தாறன்."

குரல் யாருடையது என்று பொனிபஸ் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. எதிரே றோசலின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொனிபஸின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி இருந்தன.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதை வாசிக்கத் தொடங்கியபோது நாகு என்றால் என்னவென்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இப்போது இடுப்பெலும்பு தெரியும், காம்பு தெரியும், இரட்டையின் கதையும் தெரியும். நாளைக்கு ஒருவர் உங்கள் முன்னால் மாடு வாங்கப் போகிறேன் என்று சொன்னால், சும்மா இருப்பீர்களா?

எதற்கும் உங்கள் கைகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று ஒருக்கால் பாருங்கள்.