முதலாளியோட குரங்குக் குல்லா

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஸ்டேஷனுக்குப் போய் ஊட்டி டிக்கெட்டைத் திருப்பிக் குடுக்கணும். ரயில் ஸ்ட்ரைக். வண்டி ஓடல. டிக்கெட்டை நீட்டினா காசைத் திருப்பித் தருவாங்க. அவ்வளவுதான் சமாச்சாரம்.

ஆனா நான் ஸ்டேஷனுக்குப் போக முடியாது. ஏன்னா நான் காஞ்சிபுரத்துலயே இல்ல. ஊட்டியில இருக்கேன்!

அதாவது, எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தாங்க.

பட்டுத்தறிக்காரனுக்கு லீவுன்னா ரெண்டு பாவுக்கு நடுவுலதான். ஒரு பாவு நூலை நெஞ்சு முடிச்சு அடுத்த பாவு தறியில ஏறுறதுக்குள்ள எங்க போறதா இருந்தாலும் போயிட்டு வந்துடணும். ஏத்திட்டோம்னா மூணு புடவை முடியற வரைக்கும் எழுந்திருக்க முடியாது. கல்யாணமாகி மூணு வருஷமா என் சம்சாரம் மரகதம் "ஊட்டி, ஊட்டி"ன்னு கேட்டுக்கினு இருந்தா. இந்தத் தடவைதான் முதலாளி மனசு எறங்கி பத்து நாள் லீவு குடுத்தாரு. கூடவே தன்னோட குரங்குக் குல்லாவையும் குடுத்தாரு.

"ஊட்டியில குளிருப்பா. நான் போனப்ப போட்டுக்கினது. பத்திரம்!"

காதுகிட்ட எலி கடிச்ச ஓட்டை. அதை அவர் வூட்டம்மா கைக்குக் கெடச்ச ஜரிகை நூலாலயே தெச்சிருந்தாங்க.

பெட்டி படுக்கையோட ஸ்டேஷனுக்குப் போனா வண்டி இல்ல. எப்போ ஓடும்னு கேட்டேன். "எங்களுக்கே தெரியாது"ன்னாங்க.

சரி, வூட்டுக்குப் போலாம்னேன். மரகதம் அசையல.

"போனா முதலாளி சாயங்காலமே பாவைத் தூக்கிக்கினு வந்துடுவாரு. நாளைக்கே ஸ்ட்ரைக் முடிஞ்சாலும் நமக்கு லீவு இருக்காது. ஊர்க்கோடியில செவிலிமேட்டுல எங்க அக்கா வூட்டுல ஒளிஞ்சிக்கலாம். வண்டி ஓடினதும் ஏறிடலாம்."

ஊட்டிக்குக் கெளம்பினவங்க செவிலிமேட்டுல எறங்கினோம். நாலு நாள் வெளியே தலை காட்டல. கத்திரி வெயில் வேற! சகலை தெனமும் வேலை முடிஞ்சு வந்து, "இன்னா சகலை, ஊட்டி எப்படி இருக்குது?"ன்னு கேப்பாரு. எனக்குப் பத்திக்கினு வரும்.

அஞ்சாம் நாள் காலையில அவரே சேதி கொண்டாந்தாரு. "டிக்கெட்டை இன்னிக்கே குடுக்கணுமாம். நாளைக்குப் போனா காசு கெடையாதாம்."

"தெரிஞ்சவங்க யாராச்சும் பார்த்துட்டா?"ன்னேன்.

"மூஞ்சிய மறைச்சிக்கினு போங்க"ன்னா மரகதம். டிக்கெட்டை நான் தொலைச்சிடுவேன்னு அவளும் முக்காடு போட்டுக்கினு கூடவே வந்தா.

நானும் மறைச்சேன். குல்லாவால!

மே மாசம். காஞ்சிபுரம். உச்சி வெயில். தலையில கம்பளிக் குல்லா. யாரும் என்னைப் பார்க்கக் கூடாதுன்னு கெளம்பினேன். பார்க்காதவங்க யாருமே இல்ல. டவுன் பஸ்ஸுல ஒரு அம்மா, "குளிர் காய்ச்சலா தம்பி? உக்காருப்பா"ன்னு எழுந்து எடம் குடுத்தாங்க. கண்டக்டர் எட்ட நின்னே சில்லறை குடுத்தாரு. மரகதம் நாலு சீட்டு தள்ளி, யாரோ மாதிரி உக்காந்திருந்தா.

ஸ்டேஷன்ல நீளமா வரிசை. முன்னாடி ஒருத்தர் சத்தம் போட்டுக்கினு இருந்தாரு. குமாஸ்தா பொறுமையா சொன்னாரு: "சண்டை வேணாங்க. வண்டி ஓடல, காசைத் திரும்ப வாங்கறது உங்க உரிமை. வரிசையில வாங்க."

வேர்வை கண்ணுக்குள்ள எறங்குது. அப்போ பின்னாலேர்ந்து ஒரு விரல் என் காதைத் தொட்டுது.

"இது எங்க வூட்டு ஜரிகையாச்சே?"

முதலாளி! கையில திருப்பதி டிக்கெட்டோட! என் மூஞ்சி அவருக்குத் தெரியல. தையல் தெரிஞ்சிடுச்சு.

"ஏகாம்பரம்! ஊட்டியிலேர்ந்து எப்ப வந்தே?"

"இப்பதான் முதலாளி."

"எதுல வந்தே?"

"டவுன் பஸ்ஸுல."

வரிசையே சிரிச்சுது. முதலாளி சிரிக்கல.

"பாவு ரெடியா இருக்குது. நாளைக்குக் காலையில தறியில உக்காரு. லீவு முடிஞ்சுது."

மரகதம் முக்காட்டை எடுத்தா.

"முதலாளி, நீங்க இன்னாத்துக்கு இங்க வந்தீங்க?"

"காசு திரும்ப வாங்கத்தாம்மா."

"வண்டி ஓடலேன்னா காசைத் திருப்பித் தர்றாங்க. லீவைத் திருப்பித் தர மாட்டீங்களா? ஊட்டி வேணாம்னு நாங்களா சொன்னோம்?"

குமாஸ்தா ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தாரு. "அந்தம்மா சொல்றது நியாயம்தாங்க."

வரிசையில பாதிப் பேர் தறிக்காரங்க. எல்லாரும் முதலாளியையே பார்த்தாங்க. அவர் தொண்டையைக் கனைச்சாரு.

"சரிம்மா. வண்டி ஓடினதும் லீவு. ஆனா கல்யாணப் புடவைக்கு ஆர்டர் வந்திருக்குது. ரெண்டு பேரும் போவ முடியாது. ஏகாம்பரம் தறியில உக்காந்தே ஆகணும்."

நான் மரகதத்தைப் பார்த்தேன். "அவரில்லாம நான் எப்படி?"ன்னு சொல்லுவா பாருங்கன்னு நெஞ்சை நிமித்திக்கினு நின்னேன்.

"சரிங்க முதலாளி, அக்காவைக் கூட்டிக்கினு போறேன்"ன்னா. என் பக்கம் திரும்பி, "குல்லாவைக் கழட்டுங்க"ன்னா.

வண்டி ஓடிச்சு. அக்காவும் தங்கச்சியும் பத்து நாள் ஜம்முனு இருந்துட்டு வந்தாங்க. நான் பத்து நாளும் தறியில.

இன்னி வரைக்கும் நான் ஊட்டியைப் பார்த்ததில்ல. அந்தக் குல்லா ரெண்டு தடவை பார்த்திருக்குது.