அடம்பிடிக்கும் அண்ணன் வண்டி

தையல்காரர் கிக்கரை ஓங்கி உதைத்தார். வண்டி ஒரு முறை செருமிவிட்டு அடங்கிப்போனது. உதைத்த வேகத்தில் அவருடைய செருப்புதான் பறந்துபோய்ப் பட்டறைக் கதவில் மோதியது.

"சீக்கிரம்ப்பா, எனக்கு பேங்க் இருக்கு," என்றார் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற கேஷியர்.

"அவருக்கு மட்டும்தான் வேலையா? எனக்கும் பேஷண்ட் காத்திருக்காங்கன்னு சொல்லு," என்றார் பல் டாக்டர்.

இரண்டையுமே தையல்காரரிடம்தான் சொன்னார்கள். மூவரும் அண்ணன் என்று அழைத்த, இந்தப் பட்டறையின் மெக்கானிக் இறந்து ஒரு வருஷம். அவர் ஆசைப்பட்ட கடைசிப் பயணத்தைத் தள்ளிப்போட்டது நீதான் என்று கேஷியரும் டாக்டரும் ஒருவரையொருவர் குற்றம்சாட்டியதோடு பேச்சு முறிந்தது.

இன்று நினைவு நாள். மெக்கானிக்கின் பழைய வண்டியில் தையல்காரர் முன்னால், மற்ற இருவரும் தங்கள் வண்டியில் பின்னால், பாலம் வரை போய்விட்டு அவரவர் வீடு. இதற்குச் சம்மதிக்க வைக்கவே தையல்காரர் நாயாய் அலைந்திருந்தார். இதுவும் நடக்காவிட்டால், வருஷக்கணக்காய்ச் சேர்ந்து பயணம் போன கூட்டம் கலைந்ததுதான். கேஷியர் தன் வண்டியை விற்க ஆளே பார்த்துவிட்டார்.

"பிளக்ல கரி பிடிச்சிருக்கும்," என்று டாக்டர் ஸ்பானரோடு குனிந்தார். ஒரே திருகு. பிளக்கின் பாதி கையோடு வந்தது.

"பல்லு புடுங்குற மாதிரியே இருக்கு. வேர் உள்ளேயே நிக்குது பாரு," என்றார் கேஷியர், தையல்காரரிடம்.

"அவரை வாயை மூடச் சொல்லு. அது திறந்தா என்ன கொடுமைன்னு எனக்குத்தான் தெரியும்."

போராடி மிச்சத்தை எடுத்து, அலமாரியிலிருந்து புதுப் பிளக் தேடி மாட்டினார்கள். வண்டி அசரவில்லை.

"பெட்ரோல் பழசாயிருக்கும்," என்று கேஷியர் டியூபைப் பிடுங்கினார். பெட்ரோல் தையல்காரரின் வெள்ளைப் பேண்ட்டில் இறங்கியது. அவரே தைத்தது, இன்றைக்கென்று இஸ்திரி போட்டது.

பொறுமை போன தையல்காரர், தானே கார்புரேட்டரைத் திறந்தார். உள்ளிருந்த குட்டித் திருகு ஒன்று துள்ளி உருண்டு, வாசல் சாக்கடை இடுக்கில் விழுந்தது.

மூன்று பெரிய மனிதர்களும் தரையில் குப்புறப் படுத்தார்கள்.

"டார்ச்சை இந்தப் பக்கம் அடிய்யா," என்றார் கேஷியர்.

"அடிச்சுட்டுத்தானே இருக்கேன். ஹெல்மெட்டைக் கழட்டுய்யா, மறைக்குது," என்றார் டாக்டர்.

தையல்காரர் மூச்சுவிடாமல் கிடந்தார். இருவரும் நேராகப் பேசிக்கொண்டதை அவர்களே கவனிக்கவில்லை.

திருகு கிடைக்கவில்லை. எழுந்திருக்கத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"மலைப்பாதையில உன் வண்டி நின்னுச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார் டாக்டர். "அன்னிக்கு ரோட்டோரத்துல உட்கார்ந்து, பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சுன்னு அழுதே."

"நீ மட்டும் என்னவாம்? உன் கிளட்ச் கேபிள் அறுந்த அன்னிக்கு, டாக்டர் வேலையே வேணாம்னு புலம்பலை? அண்ணன்தான் தட்டிக்கொடுத்தார்."

"ஒவ்வொரு தடவையும் எவன் வண்டியாவது நின்னுடும். ஊரு வண்டியெல்லாம் சரி பண்ணுவார், நம்ம வண்டி மட்டும் அவர்கிட்ட மக்கர் பண்ணும்."

சிரிப்பு பட்டறை முழுக்க உருண்டது. அது அடங்கியதும் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான்யா அந்தப் பயணத்தைத் தள்ளிப்போட்டோம்."

கேஷியர் தலையாட்டினார். பிறகு போனை எடுத்து பேங்குக்கு லீவு சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை மலைக்கே போயிடுவோம்," என்றார். "அண்ணன் வண்டியையும் எப்படியாவது கிளப்பிடணும்."

"நீதான் வண்டியை விக்கிறியாமே?" என்றார் தையல்காரர்.

"யார் சொன்னா?"

அப்போது மெக்கானிக்கின் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தார். தையல்காரர் தலையைச் சொறிந்தார். "மன்னிச்சுக்கோங்க அண்ணி. இன்னைக்கு வண்டி கிளம்பாது."

அண்ணி செம்பை வைத்துவிட்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்தார். சைலன்சருக்குள் கம்பியை விட்டு, உள்ளே சுருட்டித் திணித்திருந்த எண்ணெய்த் துணி ஒன்றை இழுத்துப் போட்டார்.

மூவரும் வாயைப் பிளந்தார்கள்.

"இதை யார் அண்ணி அடைச்சது?"

"நான்தான். காலையில."

"எதுக்கு அண்ணி?"

"உங்க அண்ணன் ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின நாள், உங்கள்ல ஒருத்தர் வண்டியில எதையாவது தளர்த்தி விட்டுட்டுத்தான் தூங்குவார் தம்பி. வண்டி நிக்காம ஓடினா நீங்க மனசு விட்டுப் பேசவே மாட்டீங்களாம்."