மாமனாரின் சங்கமும் மனித குலத்தின் எதிர்காலமும்

பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் ஒரு வசதி இருக்கிறது. கதவைச் சாத்திக்கொள்ளலாம். சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனுக்கு அந்த வசதியும் கிடையாது. அவள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டேதான் வயிறெரிய வேண்டும். நான் அப்படி எரிந்தவன்.

அப்போது நானும் சுகந்தியும் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஜாரில், ஒரு முஸ்லிம் நானாவின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். பகலில் நான் டியூட்டரியில் ஆங்கிலம் கற்பித்தேன். மிச்ச நேரத்துக்கு இணையத்தில் ஒரு வேலையைத் தேடிப் பிடித்தேன். சும்மா இருந்த சுகந்திக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன். (வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது என்பார்களே, அது இதுதான்.)

வேலை கொஞ்சம் விசித்திரமானது. மனித குலம் அடியோடு அழிந்துவிடாமல் காப்பதற்கென்றே உலகம் முழுக்க அமைப்புகள் இருக்கின்றன. அணுகுண்டு, கொள்ளைநோய், வானத்திலிருந்து விழும் பாறை, சொல்பேச்சுக் கேளாத கணினி மூளை என்று ஆளுக்கொரு அழிவைப் பங்கு போட்டுக்கொண்டு கவலைப்படுகிறார்கள். அவர்களை எல்லாம் ஒரே பட்டியலில் சேர்க்க வேண்டும். அமைப்பின் பெயர், ஊர், எந்த ஆபத்தைப் பார்க்கிறது, எவ்வளவு தூரத்து எதிர்காலத்தை யோசிக்கிறது, கடைசியில் நாலு வரிக் குறிப்பு. மேற்பார்வை மார்த்தா என்ற வெள்ளைக்கார அம்மா.

நாலு வரி என்றால் சுகந்தி நாலு வரிதான் எழுதுவாள். நான் முன்னுரை, முடிவுரையோடு ஒரு பக்கம் எழுதுவேன். ஒருநாள் மார்த்தா எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்: "சுகந்தியின் குறிப்புகள் அருமை. மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதவும்." குழுவில் நாங்கள் நாலு பேர். ஆனாலும் அது எனக்கு மட்டும் எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியாதா?

சுகந்தி பெருமையாவது அடித்திருக்கலாம். அதுவும் இல்லை. "நீங்களும் நல்லாத்தாங்க எழுதுறீங்க. கொஞ்சம் சுருக்குங்களேன்" என்றாள். அதற்குப் பதில் எனக்கு ஒரு அறை விட்டிருக்கலாம்.

இந்த நிலையில்தான் ஆசியப் பகுதிக்கு ஒரு பொறுப்பாசிரியர் தேவை, உங்களில் ஒருவரைப் போடப் போகிறேன் என்றார் மார்த்தா. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மனித குலம் அழிந்தாலும் பரவாயில்லை, அந்தப் பதவி மட்டும் சுகந்திக்குப் போய்விடக் கூடாது.

பட்டியலில் இலங்கையிலிருந்து ஒரு அமைப்புகூட இல்லை. கொண்டுவருகிறவனுக்குத்தான் பதவி என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சுகந்தியும் தேடிப் பார்த்திருந்தாள். "இல்லாதத எங்கிருந்துங்க எழுதுறது?" என்று விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

என் மாமனார் ஆறுமுகம் அவர் வாழும் தேயிலைத் தோட்டத்தில் மரண உதவிச் சங்கத் தலைவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பெட்டி, கொட்டகை, நாற்காலி எல்லாம் சங்கம் கொண்டுவரும். குழி வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள் வந்தே ஆக வேண்டும். இந்தச் சங்கத்தைத்தான் நான் இப்படி எழுதினேன்: "மனித இழப்பை எதிர்கொள்ளத் தலைமுறை தலைமுறையாக ஆயத்த நிலையில் இருக்கும் மலையக மக்கள் அமைப்பு. செய்தி கிடைத்ததும் கூடாரம், ஆள்பலத்துடன் களமிறங்கும். ஒவ்வொரு குடும்பமும் ஓர் ஆளைத் தரக் கடமைப்பட்டுள்ளது." எடுத்துப் பாருங்கள், ஒரு பொய் உண்டா? சங்கத்தின் பெயரை ஆங்கிலமாக்கும்போது 'மரணம்' மட்டும் எப்படியோ வழியில் விழுந்துவிட்டது.

மார்த்தா துள்ளிக் குதித்தார். சனிக்கிழமை வீடியோவில் தலைவரோடு பேச வேண்டுமாம். நான் மொழிபெயர்க்க வேண்டுமாம். குழு முழுவதும் பார்க்குமாம்.

மாமனாரிடம் ஓடினேன். "மாமா, வெளிநாட்டுக்காரங்க நம்ம சங்கத்தப் பத்தித் தெரிஞ்சுக்கணும்ங்கிறாங்க. சுகந்திகிட்ட சொல்லிறாதீங்க."

"ஏன் மாப்ள?"

"அவ அப்படியே ஆச்சரியப்பட்டுப் போகணும் மாமா." (இதிலும் பொய் இல்லை.)

சனிக்கிழமை, மாணவன் வீட்டுக்குப் போவதாகச் சுகந்தியிடம் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன். சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் சங்க மண்டபத்தின் மூலை. அங்கே மாமனார் சலவை வேட்டியும் திருநீறுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பொருளாளர் செல்லையா, பின்னால் கமிட்டி முழுவதும். திரையில் மார்த்தா, இரண்டு சக ஊழியர்கள், ஹட்டன் அறையிலிருந்து சுகந்தி. தன் அப்பாவைத் திரையில் பார்த்ததும் அவள் கண்கள் விரிந்தன. மைக்கை மூடியே வைத்திருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

உங்கள் அமைப்பு எதிர்கொள்ளும் மிகப் பெரிய ஆபத்து எது என்று மார்த்தா கேட்டார். தமிழில் சொன்னேன்.

"சந்தா கட்ட மாட்டேங்கிறாங்க மாப்ள. அதான் பெரிய ஆபத்து" என்றார் மாமனார்.

"நீண்டகால நிதி ஆதாரம்தான் பிரச்சினை என்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில். எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று மார்த்தா பெருமூச்சு விட்டார். பதவி என் பக்கம் நகர்ந்து வருவது எனக்கே கண்ணில் தெரிந்தது.

செல்லையா முன்னால் வந்தார். "அந்தம்மாவுக்கு வயசு என்னன்னு கேளுங்க. அறுபது தாண்டியிருந்தா புதுசா சேக்க முடியாது."

"வருங்காலத் தலைமுறை மீதுதான் எங்கள் கவனம் என்கிறார்" என்றேன்.

மார்த்தா நெகிழ்ந்துபோய், பேரழிவுக்கென்று என்ன கையிருப்பு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பதிலை நானே சொல்லித் தொலைத்திருக்கலாம். கெட்ட நேரம், "சங்கத்துல என்னென்ன சாமான் இருக்குன்னு கேக்குறாங்க மாமா" என்று சொல்லிவிட்டேன்.

"வாயால சொல்லுவானேன்? காட்டிருவோமே" என்று மாமனார் கையைத் தட்டினார்.

இரண்டு பேர் உள்ளே போய், போன வாரம் வாங்கிய புத்தம் புதுப் பெட்டியைத் தூக்கிவந்து போனுக்கு நேராக வைத்து மூடியைத் திறந்தார்கள். உள்ளே சிவப்பு வெல்வெட். பித்தளைக் கைப்பிடிகள் பளபளத்தன. செல்லையா திரையைப் பார்த்து மார்த்தாவைக் கண்ணாலேயே அளந்தார். "அந்தம்மா நெட்டைதான். ஆனாலும் பத்தும்."

மார்த்தாவின் சிரிப்பு நின்றது. "அது என்ன?"

"சாமான் பெட்டி" என்றேன்.

சுகந்தி மைக்கைத் திறந்தாள். நாலே வரி, தெளிவான ஆங்கிலத்தில். "மார்த்தா, அது சவப்பெட்டி. அது தோட்டத்து மரண உதவிச் சங்கம். வேட்டி கட்டியிருப்பவர் என் அப்பா. சாமான் பெட்டி என்று சொன்னவர் என் கணவர்." பிறகு தமிழில், "அப்பா, குளிர்ல இருக்காதீங்க, மப்ளரச் சுத்துங்க" என்றாள்.

"அட, சுகந்தியா! நீயும் இதுக்குள்ளதான் இருக்கியாம்மா? அந்தம்மாகிட்ட சொல்லு, வெளிநாட்டு ஆளா இருந்தாலும் சந்தா ஒண்ணுதான்" என்றார் மாமனார்.

மார்த்தா மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். அழுகிறார் என்று நினைத்துக் கமிட்டியில் இரண்டு பேர் துண்டை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது தேத்தண்ணி தயாராக இருந்தது. "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே அப்பாகிட்ட பேசியிருப்பேனேங்க" என்றாள். திட்டியிருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

பரிசீலித்துச் சேர்க்காமல் விட்ட அமைப்புகளுக்கென்று பட்டியலின் கடைசியில் ஒரு பகுதி உண்டு. அதில் சங்கத்தைப் பற்றிச் சுகந்தி எழுதினாள்: "இவர்கள் மனித குலத்தின் முடிவைப் பற்றி யோசிப்பதில்லை. ஒரே ஒரு மனிதரின் முடிவைப் பற்றி, ஒவ்வொரு தடவையும், யோசிக்கிறார்கள். எனவே இங்கே சேரவில்லை." இதுவரை வந்ததிலேயே சிறந்த குறிப்பு இதுதான் என்றார் மார்த்தா. என் முட்டாள்தனத்தில்கூட அவளுக்குத்தான் பாராட்டு! பதவி யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டுமா? இன்றைக்கு என் குறிப்புகளை அவள்தான் திருத்துகிறாள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னதைச் சுகந்தி அப்பாவிடம் சொல்லிவிட்டாள்; தோட்டத்தில் இப்போது சவப்பெட்டி என்று யாரும் சொல்வதில்லை. இழவு வீட்டில், ஒப்பாரிக்கு நடுவில், மாமனார் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "மாப்ள, சாமான் பெட்டி வந்துருச்சா?" என்று கேட்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு முனையைத் தூக்குவேன்.

கல்யாணம், சடங்கு என்று சொந்தம் கூடினால் இந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். நான் சொன்னால் சிரிப்பார்கள். சுகந்தி சொன்னால் புரையேறிச் சிரிப்பார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் அவள் குறுக்கே வர முடியாதல்லவா?

வந்தாள். படித்துவிட்டுப் பாதியை வெட்டினாள். நீங்கள் இப்போது படித்தது அந்த மிச்சப் பாதி. நன்றாகத்தான் இருக்கிறது, பாவி.