மாமாவுக்கு நான் வைத்த பேனர்

உடம்பு சரியில்லாதவர்களிடம் ஆறுதலாகப் பேச எனக்கு வராது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததும் என் கண் மேலே போய் மின்விசிறியில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து, "ஃபேன் நல்லா சுத்துதே" என்பேன். பக்கவாதம் வந்து படுத்திருந்த நண்பர் ஒருவர் வீட்டில் இதைச் சொன்னபோது, அவர் மனைவி என்னை எலக்ட்ரீஷியன் என்று நினைத்து, அடுத்த அறை ஃபேனையும் பார்த்துவிடச் சொன்னார். (பார்த்தேன். ரெகுலேட்டர் கோளாறு.)

பேச்சுதான் வராதே தவிர எழுத்து வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கடலூரில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் பல வருடம் பார்த்துக்கொண்டவன் நான். நிருபர்கள் அனுப்பும் செய்தியைச் சுருக்கி, தலைப்புப் போட்டு, பக்கத்தில் உட்கார வைக்கும் துணை ஆசிரியர் வேலை. பெயர் எங்கும் வராது. பக்கத்தின் கீழ்மூலையில் வரும் 'காலமானார்' பத்தியும் என் பொறுப்புதான். அதைக் கண்ணியமாக அமைப்பேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

சிதம்பரத்தில் இருக்கும் என் அக்கா செல்வியின் கணவர் கலியபெருமாள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பேருந்தின் டிரைவர். அந்தச் சாலையில் கைகாட்டி பஸ் ஏறுகிற எல்லோருக்கும் அவர் முகம் தெரியும். அவருக்குச் சில மாதங்களாக வயிற்றுவலி. சிதம்பரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் குடலில் புற்றுநோய் என்றார்கள். ஆரம்ப நிலைதான், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், தள்ளிப்போடாமல் அடுத்த திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார் டாக்டர். மாமா வீட்டுக்கு வந்தார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். வெளியே கேட்டவர்களிடம் அக்கா 'அல்சர்' என்று சொல்லி வைத்தாள்.

எனக்கு மட்டும் போன் செய்து அழுதாள்.

"டேய், திங்கக்கெழம வரமாட்டேங்கறாருடா. நான் செத்தா இன்னொரு டிரைவரு ஏறி ஒக்காருவான், பஸ்ஸு நிக்கவா போவுதுங்கறாரு. யார் சொன்னாலும் காதுல ஏறல. நீ வந்து நாலு வார்த்த சொல்லு. எழுதறவன்தானே நீ?"

போனேன். ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது.

வெட்கத்தோடு கடலூர் திரும்பும் வழியில்தான் அந்த யோசனை வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஊருக்கு ஊர் பேனர். பிறந்தநாள், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, யாரோ ஒருவர் வார்டு செயலாளர் ஆனது. மாமாவுக்கு வாயால் சொல்ல முடியாததைத் துணியில் அச்சடித்துத் தெருமுனையில் கட்டினால் என்ன? ஜன்னலைத் திறந்தால் அவர் கண்ணில் படும். ஊரும் அவரைக் கொண்டாடுகிறது என்று தெரியும். (அனுமதி வாங்கினீர்களா என்று கேட்காதீர்கள்.)

ஆனால் அந்தப் பேனர்களின் காட்டுக்கூச்சல் எனக்குப் பிடிக்கவில்லை. மஞ்சளும் ஊதாவும் அடித்துக்கொள்ளும் பின்னணி, ஓரமெல்லாம் எலுமிச்சம்பழம் போலத் தலைகள். நான் பத்திரிகைக்காரன். எளிமையாகச் செய்வேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேனர் அடிக்கிற கடைக்குப் போய், மாமாவின் பழைய லைசென்ஸ் போட்டோவை நீட்டினேன்.

"ஓரத்துல யார் யாரு தலைய போடணும் சார்?" என்றார் கடைக்காரர்.

"யாரும் வேணாம். அவர் மட்டும்."

"பின்னால இன்னா கலரு?"

"வெள்ளை."

"போட்டோவ கலராக்கிடட்டா?"

"கருப்பு வெள்ளையே இருக்கட்டும். கண்ணியமா இருக்கும்."

வாசகத்தை எழுதிக் கொடுத்தேன். 'மு. கலியபெருமாள். பேருந்து ஓட்டுநர். உங்கள் அன்பை என்றும் மறவோம். உங்களோடு இருப்போம்.' கீழே, வாழ்க்கையில் முதல்முறையாக என் பெயர்: 'அன்பு மைத்துனர் சேகர், கடலூர்.'

கடைக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தைரியமா இருங்க சார். இதுக்கெல்லாம் நாங்க லேட் பண்றதில்ல. விடியறதுக்குள்ள சிதம்பரத்துல கட்டிடுவாங்க."

மாமாவின் நோய் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரு கணம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கினேன். முகம் மட்டுமே பழக்கமான ஒரு டிரைவர் வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் விலகினார். அடுத்து இன்னொருவர். அச்சேறிய எழுத்துக்கு இவ்வளவு உடனடியான வரவேற்பை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

அக்கா வீட்டுத் தெருமுனையில் டீக்கடை பாதி ஷட்டரை இறக்கியிருந்தது. பேனர் கட்டிய கம்பத்தில் ஒரு மாலை தொங்கியது. கீழே யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் நின்று அண்ணாந்து பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் உயிரோடிருப்பவர் பேனரில் தனியாக நிற்பதில்லை. கலரில்லாமலும் நிற்பதில்லை. நான் வருடக்கணக்காகக் கீழ்மூலையில் வைத்துவந்த 'காலமானார்' பத்தி, ஒரு மாடி உயரத்துக்கு வளர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமாவின் கண்டக்டர் வேலு, கண்ணைத் துடைத்தபடி பக்கத்தில் வந்தார். "கண்ணீர் அஞ்சலின்னு மேல போட விட்டுப்போச்சு சார். துக்கத்துல மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

தலைப்புப் போட்டே பிழைத்தவன், தலைப்பில்லாமல் விட்ட ஒரே பக்கம் அது.

"வேலு, மாமா இருக்காரு."

"ஆமா சார். எங்க போயிடப் போறாரு. நம்ம மனசுலதான் இருக்காரு."

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனேன். நான் வருவதற்கு முன் அங்கே நடந்ததை அக்கா வாய்மொழியாகத்தான் தருகிறேன். அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள், கழித்துக்கொண்டே எழுதுகிறேன். காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டு மாமாவே போய்த் திறந்திருக்கிறார். வாசலில் இன்னொரு பஸ்ஸின் டிரைவர், கையில் ரோஜா மாலை. மாமாவைப் பார்த்ததும் அவர் இரண்டடி பின்னால் போனார். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் மாமாவின் கழுத்திலேயே போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிட்டார். அப்புறம் அக்கா ஜன்னல் வழியாகப் பேனரைப் பார்த்தாள். என்னைத் திட்டித் திட்டி அழுதாள். அந்தச் சத்தம் வெளியே ஒப்பாரியாகக் கேட்டது.

மாமா மாலையோடு போய்ப் படுத்துவிட்டார். கழற்றச் சொன்னதற்கு, "இருக்கட்டும், எப்படியும் போடப்போறதுதானே" என்றாராம்.

நான் அறைக்குள் நுழைந்ததும் தலையை மட்டும் திருப்பினார். "பாத்தியா மச்சான்? ஊரே முடிவு பண்ணிடுச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி இன்னாத்த கிழிக்கறது?"

அக்கா கையில் கரண்டி இருந்தது. என் கண் தன்னால் மேலே போனது.

அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் குரல், கடைசி பெஞ்சு வரை கேட்டுப் பழகிய குரல், தெளிவாக வந்தது. புதுச்சத்திரத்தில் பஸ் ஏறிக் கடலூர் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ரோஸ்லின் டீச்சர். பஸ்காரர்கள் சொல்லக் கேட்டு மலர் வளையத்தோடு வந்திருந்தார்.

"தங்கமான மனுசருதான், இல்லங்கல. ஆனா ஒரு நாளாவது எனக்காக நிறுத்தியிருக்காரா? நான் கையக் காட்டிக்கிட்டே ஓடியாருவேன். கண்ணாடியில பாத்துட்டே போவாரு. போன மனுசனப் பத்திச் சொல்லக் கூடாது..."

மாமா எழுந்து உட்கார்ந்தார். "பொய் சொல்லுது அந்தம்மா."

"நீங்க படுங்க மாமா."

"நீ சும்மா இரு. நானா நிறுத்தல?"

லுங்கியோடும் மாலையோடும் வாசலுக்குப் போனார். இரண்டு நாற்காலிகள் கவிழ்ந்தன. வேலு வாசல் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"டீச்சர், பஸ்ஸு கெளம்பினப்பறம் கை காட்டினா எப்படி நிறுத்தறது? பின்னால லாரி வருதில்ல?"

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது. "உசுரோடதான் இருக்கீங்களா? அப்ப நேராவே கேக்கறேன். கண்ணாடியில என்னப் பாப்பீங்களா, மாட்டீங்களா?"

"பாப்பேன்."

"பாத்துட்டு?"

"ஸ்பீடு எடுத்திருப்பேன்..."

"கேட்டுக்கோங்க!" என்றார் டீச்சர் கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் தலையாட்டியது. பிறகு அவர் குரல் இறங்கியது. "உடம்புக்கு என்ன?"

அக்காவும் நானும் 'அல்சர்' என்று சொல்ல வாயெடுத்தோம். மாமா முந்திக்கொண்டார். அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அப்போதுதான்.

"கேன்சரு. கொடல்ல. நாளைக்கு ஆபரேசனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. நான் போவல."

என் கண் மேலே போனது. வெளியில் ஃபேன் இல்லை.

"ஏன் போவல?" என்றார் டீச்சர், வீட்டுப்பாடம் எழுதாதவனைக் கேட்பது போல.

"போயி இன்னா ஆவப்போவுது?"

"இன்னாவா? சரியாயிட்டு வந்து எங்க ஸ்டாப்புல நிறுத்துங்க. உங்க பின்னால ஓடி ஓடி எனக்கு மூட்டு தேஞ்சு போச்சு. ஒரு தடவகூட நிறுத்தாம போய்ச் சேந்துடலாம்னு பாக்கறீங்களா?"

"வேற டிரைவரு வருவான். அவன் நிறுத்துவான்."

"அவன் நிறுத்தினா நிறுத்தட்டும், எனக்கென்ன? நீங்க நிறுத்தணும்."

கழுத்து மாலை குலுங்கியதால்தான் மாமா சிரிக்கிறார் என்று தெரிந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, மறுபடி சிரிப்பில் வந்து நின்றது. மாலையைக் கழற்றி வேலுவிடம் கொடுத்தார்.

"செல்வி, பையில நாலு துணி எடுத்து வையி."

ஆறுதல் சொல்லப் போன நாங்கள் எல்லோரும் அவருக்கு எதையாவது கொடுக்கப் பார்த்தோம். அவரிடம் ஒன்றைக் கேட்டவர் ரோஸ்லின் டீச்சர் மட்டும்தான். டீச்சருக்கு இன்றுவரை சரியாக நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே அச்சில் சொல்லிக்கொள்கிறேன்.

மாமா தெருமுனை வரை நடந்து போய்த் தன் பேனரை வெகுநேரம் பார்த்தார். "கலர்லயே போட்டிருக்கலாமே மச்சான்" என்றார். அன்று மாலையே பஸ்காரர்கள் அதை இறக்கிவிட்டு வேறொன்று கட்டினார்கள். மஞ்சள், ஊதா, நடுவில் கூலிங்கிளாஸ் போட்ட மாமா, சுற்றிலும் தலைகள். அதில் என் தலையும் ஒன்று. கண் மூடியிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகு பல மாதம் மருந்து, வாந்தி, எரிச்சல், எல்லாம் இருந்தது. இப்போது பரிசோதனைக்கு மட்டும் போய்வருகிறார். பஸ் ஓட்டுகிறார். புதுச்சத்திரத்தில் டீச்சர் இருக்கிறாரோ இல்லையோ, நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறாராம். பின்னால் வரும் லாரிக்காரர்கள் திட்டுவதாக வேலு சொல்கிறார்.

எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் என்னிடம் மறைக்கிறார்கள். அது போகட்டும். மாமாவுக்கு நான் போன் செய்தால் அவர் 'ஹலோ' சொல்வதை நிறுத்திவிட்டார். எடுத்ததும், பஸ் நிலையத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "இருக்கேன் மச்சான், சொல்லு" என்கிறார். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். அதற்குப் பிறகு எனக்கு எப்போதும் கொஞ்சம் திண்டாட்டம்தான். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பேன். கேட்டாகிவிட்டதால், வேறு ஏதாவது விஷயத்தைத் தேட வேண்டியிருக்கும்.