விமலாராணியின் இங்கிலீஷ் பாடம்

விமலாராணி ஆஸ்திரேலியாவுக்குப் போகக்கூடாது என்று தேவானந்தம் முடிவு செய்துவிட்டார். முடிவு செய்தாரே தவிர, அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அங்கே இருக்கும் மகள் கிளாடிஸுக்குத் தலைப்பிரசவம். தாயை அனுப்பமாட்டேன் என்று எந்தத் தகப்பன் சொல்வான்? கூடவே இவரும் போகலாம்தான். ஆனால் தலைக்கு மேலே விமானம் பறந்தாலே இவர் வீட்டுக்குள் ஓடிவிடுவார். ஆறு மாதம் அவள் அங்கே, இவர் சிங்காநல்லூரில். சுடுதண்ணீர் வைக்கவும் தெரியாத மனிதர். அவள் இல்லாத வீட்டை நினைத்தால் நெஞ்சை அடைத்தது. சாப்பாட்டை நினைத்தால் இன்னும் கொஞ்சம் பலமாக அடைத்தது.

ஆகவே ஆயுதத்தை எடுத்தார். மில் ஆபீசில் காலமெல்லாம் இங்கிலீஷ் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவரிடம் வேறென்ன ஆயுதம் இருக்கும்?

"விமலா, ஏர்போர்ட்டுல கேள்வி கேப்பாங்க. கடைக்குப் போனா இங்கிலீஷ், ஆஸ்பத்திரிக்குப் போனா இங்கிலீஷ். நீ என்ன பண்ணுவே?"

"ஏனுங்க, நீங்க எதுக்கு இருக்கறீங்க? சொல்லிக் குடுங்க."

இதைத்தான் அவர் எதிர்பார்த்தார். எடுத்த எடுப்பிலேயே ஃப்ரேசல் வெர்பில் இறக்கிவிட்டார். "கெட்டுன்னு ஒரு சொல்லு. பின்னால 'அப்' வந்தா ஒரு அர்த்தம், 'ஆஃப்' வந்தா ஒரு அர்த்தம், 'ஓவர்' வந்தா வேற அர்த்தம். இந்த மாதிரி ஆயிரக்கணக்குல கெடக்குது." இரண்டே நாளில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பயணமே வேண்டாம் என்பாள் என்று கணக்குப் போட்டார்.

"வேக் அப்பும் கெட் அப்பும் ஒண்ணுதானுங்களே?"

"அதெப்படி ஒண்ணாகும்? கண்ணு முழிக்கறது வேக் அப். கட்டில விட்டு எறங்கறது கெட் அப்."

"வாயில சொன்னா என்ற மண்டையில ஏறமாட்டேங்குதுங்க. செஞ்சு காமிங்க."

மறுநாள் விடிகாலையில் செய்து காட்டினார். போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணால் பார்த்தவள், "புரிஞ்ச மாதிரி இருக்குதுங்க. எதுக்கும் நாளைக்கு இன்னொருக்கா காமிங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

'டர்ன் ஆன்' பாடத்துக்கு அவர் விளக்கு சுவிட்சைக் காட்டினார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "அங்க போயி நான் அடுப்படியிலதானுங்க நிப்பேன்?" நியாயமான பேச்சு. அடுப்பைப் பற்றவைத்தார். 'டர்ன் டவுன்' என்று தீயைக் குறைத்தார். 'பாயில் ஓவர்' என்று அவர் வியாக்கியானம் செய்வதற்குள் பால் பொங்கி மேடையெல்லாம் ஓடியது. அப்படியே 'வைப் அப்' நடத்தித் துடைத்தும் முடித்தார்.

"டர்ன் ஆஃபுங்க" என்றாள் அவள்.

"இங்கிலீஷ்ல 'ங்க' கெடையாது விமலா."

"அப்ப மரியாதைக்கு என்னங்க பண்ணுவாங்க?"

மில்லில் இருந்த அத்தனை வருஷத்தில் யாரும் அவரை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எப்பேர்ப்பட்ட மாணவி என்று தேவானந்தம் மனதாரப் பூரித்துப்போனார். பெண்டாட்டியை மட்டம்தட்ட வந்தவருக்கு, பாடம் சொல்லும் சுகம் பிடித்துக்கொண்டது.

'சாப் அப்' என்று நறுக்கும் பாடம் சின்ன வெங்காயத்தில் நடந்தது. வாத்தியார் கண்ணீர் விட்டார்.

"ரன் அவுட் ஆஃப்னா தீந்துபோறது."

"தீந்துபோனா என்னங்க பண்ணோணும்?"

பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், துவரம்பருப்பு வாங்கிவந்து விளக்கினார். 'ஹேங் அவுட்'டுக்கு மொட்டைமாடி. ஈரப் புடவையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து மாடியிலிருந்து ராமாமணி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, துணி காயப்போடறீங்களா?"

"பாடம் நடத்தறேனுங்க" என்றார் தேவானந்தம், கம்பீரமாக.

விமலாராணி ஒன்றையும் மறக்கவில்லை. நாளாக ஆக இவருக்குப் பயம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும் கிளாடிஸ் வீடியோவில் கூப்பிட்டாள். கடைசி வாய்ப்பு. மகள் முன்னால் பரீட்சை வைத்தால் விமலா தடுமாறுவாள் என்று நினைத்தார்.

"உங்கம்மா எப்படிச் சமாளிப்பாளோ தெரியலை கண்ணு. நீயே கேட்டுப் பாரு."

கிளாடிஸ் இங்கிலீஷில் என்னென்னவோ கேட்டாள். விமலாராணி நிதானமாக யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நடுவில் இரண்டு இடத்தில் 'ங்க' விழுந்தது. அவ்வளவுதான் குறை. அழகாகப் பேசினாள், பாவி. தேவானந்தத்துக்குக் கைதட்டவும் தோன்றியது, அழவும் தோன்றியது. வேறு வழியில்லாமல் உள்ளே இருந்ததைக் கொட்டினார்.

"அவ போயிட்டா நான் எப்படிம்மா தனியா இருப்பேன்? எனக்கு ஒரு வேலை தெரியுமா? சோத்துக்கு நான் என்ன..."

உள்ளே குக்கர் விசிலடித்தது.

"ஒரு நிமிசம் கண்ணு" என்று எழுந்து ஓடினார். தீயைக் குறைத்தார். கறிவேப்பிலையைக் கிள்ளித் தண்ணீரில் அலசி வைத்தார். சிந்தியிருந்ததைத் துடைத்தார். தோள் துண்டில் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தபோது திரையில் மகளும் மருமகன் ஜேக்கும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"என்னப்பா சமையல்?"

"அரிசிம்பருப்பு சாதம்தான் கண்ணு. நெய் ஊத்தி எறக்கோணும்" என்று சொன்ன பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது தேவானந்தத்துக்கு உறைத்தது. விமலாராணியைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப டிக்கெட் போட்டரட்டுமாம்மா?"

"போடு கண்ணு" என்றாள் விமலாராணி.

கோபம் வருகிறதா என்று தேவானந்தம் தனக்குள்ளேயே தேடிப் பார்த்தார். வரவில்லை. வந்ததெல்லாம் பெருமை. இப்படிப்பட்டவளைக் கட்டியதை யாரிடம் போய்ச் சொல்லிச் சந்தோஷப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ராமாமணி வந்தாள். தேவானந்தம் போட்டுக் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்தாள். கண்ணை அகல விரித்து, விமலாராணியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அடுத்த மாசம் நானும் பெங்களூருக்குப் பையன் ஊட்டுக்குப் போறேனுங்க. எங்க ஊட்டுக்காரர்கிட்ட, எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுங்கன்னு கேட்டு வெச்சிருக்கறேன். எந்தப் பாடத்துல இருந்துங்க ஆரம்பிக்கறது?"